ஆளில்லா மலையின் அழகு

வடக்குக் கரோலினாவின் செரோக்கியிலிருந்து மலைவழியாக அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு கேம்பர் வண்டியில் போக நினைப்பவர் கிளம்புமுன் வண்டியின் உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கூரைமேல் இருக்கும் ஏசி பெட்டி, காற்றுத் திறப்பின் மூடி எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். வழியில் மேரிஸ் ராக் என்ற குன்றைக் குடைந்த ஒரு சுரங்கவழி இருக்கிறது. அதன் உயரம் 12 அடி 8 அங்குலம். பெரிய கேம்பர் வண்டிகளில் சில அதற்குள் நுழைய முடியாது. இப்படி ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் இந்தப் பயணம் உருவாகிறது. முதலில் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே, 469 மைல். மணிக்கு 45 மைலுக்கு மேல் போகக்கூடாது. அது ராக்ஃபிஷ் கேப் என்ற கணவாயில் முடிய, அங்கேயே ஷெனன்டோவா தேசியப் பூங்காவின் ஸ்கைலைன் சாலை தொடங்குகிறது, 105 மைல். அதில் வேகம் 35 மைல்தான். சரக்கு லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, போக்குவரத்து விளக்கு கிடையாது. கீழே பள்ளத்தாக்கில் பெருவழி ஓடுகிறது. அதில் போனால் ஒரே நாளில் தலைநகர் வந்துவிடும். அதை விட்டுவிட்டு மலைமுகட்டில் நான்கைந்து நாள் ஊர்ந்துபோகத் தீர்மானிப்பவர், அழகு என்ற ஒன்றுக்காக மட்டும் தன் நாட்களைக் கொடுக்கிறார். அந்த அழகு எப்படி உண்டாயிற்று என்று கேட்பது அவருடைய வேலையா? பார்ப்பதும் ரசிப்பதும் போதாதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போட்ட பயணத் திட்டம் முழுமையாகாது என்பது என் கருத்து.

முதலில் அந்தச் சாலை என்ன என்று பார்ப்போம். ப்ளூ ரிட்ஜ் பார்க்வே தானாக அழகான இடத்தில் போட்ட தார்ச்சாலை அல்ல. 1935இல், பெருமந்தத்தின் வேலையின்மை நடுவே தொடங்கி, கிராண்ட்ஃபாதர் மலையின் தோளைச் சுற்றி வரும் லின் கோவ் பாலத்தோடு 1987இல்தான் முடிந்தது. அரை நூற்றாண்டு. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஸ்டான்லி ஆபட் என்ற நிலவனப்புக் கலைஞர். எந்த வளைவில் பள்ளத்தாக்கு திறக்க வேண்டும், எங்கே மரங்கள் நெருங்கி மூட வேண்டும், எந்த வேலி கண்ணில் படவேண்டும், எந்தக் கட்டடம் படக்கூடாது என்று திரைப்படம் எடுப்பவர் போல யோசித்துச் செய்த வேலை அது. இதற்கு ஒரே ஓர் இடத்தைக் காட்டினால் போதும். வர்ஜீனியாவில் 176ஆவது மைல்கல்லின் அருகே மேப்ரி மில் என்ற பழைய தண்ணீர் ஆலை இருக்கிறது. குளம், குளத்தில் தலைகீழாகத் தெரியும் ஆலை, மரவாய்க்காலில் வழிந்து சக்கரத்தைத் திருப்பும் தண்ணீர், பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசை. பார்க்வே முழுவதிலும் மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் இடங்களில் ஒன்று. ஆனால் ஆலைக்கார மேப்ரி அந்தக் குடிசையில் வாழவில்லை. அவருடைய வீடு பலகை அடித்து வெள்ளை பூசிய இரண்டு மாடி வீடு. மலைக்காரர் என்றால் கட்டைக் குடிசையில்தான் இருந்திருப்பார் என்ற படத்துக்கு அது ஒத்துவரவில்லை. அதை இடித்துவிட்டு, வேறோர் இடத்திலிருந்த குடிசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். உழைத்துச் சம்பாதித்து ஒரு மனிதர் கட்டிய மாடிவீட்டை, அவருடைய ஆலையின் அழகுக்காகவே அழித்தார்கள் என்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

வடக்கே ஷெனன்டோவாவில் நடந்தது இதைவிடப் பெரிது. வர்ஜீனியா மாநிலம் 1928இல் ஒரு நிலக் கையகப்படுத்தல் சட்டம் இயற்றி, எட்டு மாவட்டங்களில் மலைமேலிருந்த நிலங்களை மொத்தமாக எடுத்துக் கூட்டரசுக்குக் கொடுத்தது. 1935 டிசம்பரில் பூங்கா பிறந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பிக் மெடோஸ் புல்வெளியில் அதிபர் ரூஸ்வெல்ட் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடையில் ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. நிலம் சொந்தமாக இருந்தவருக்கு விலை கிடைத்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவருக்கு அதுவும் இல்லை. சிலருக்கு அடிவாரத்தில் மறுகுடியேற்ற வீடுகள் கிடைத்தன. காலி செய்த வீடுகளை இடித்தார்கள், பலவற்றை எரித்தார்கள். அந்தக் குடும்பங்கள் பூங்கா அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. தன் வீட்டின் கதவையும் சன்னலையும் கழற்றி எடுத்துப்போகலாமா, விதைத்ததை அறுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்கும் கடிதங்கள். நேற்றுவரை தன்னுடையதாக இருந்த கதவுக்கு இன்று மனு எழுத வேண்டியிருந்தது. முதியவர்கள் சிலரை மட்டும் சாகும்வரை இருக்க விட்டார்கள். அவர்களில் கடைசி மூதாட்டி 1979இல் மறைந்தார். இப்போது அந்த முகட்டில் எழுபத்தைந்து காட்சி மேடைகள் இருக்கின்றன. எங்கே நிறுத்திப் பார்த்தாலும் மடிப்பு மடிப்பாக நீலமலை. மரங்கள் வெளிவிடும் ஆவி காற்றில் கலந்து உண்டாக்கும் மெல்லிய நீலம் அது. ஒரு கூரை கிடையாது, ஒரு புகைக்கோடு கிடையாது.

அழகு எப்படி உண்டாயிற்று என்று கேட்பதற்கு எதிராகச் சொல்லக்கூடியதில் மிக வலுவான வாதத்தை ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1790லேயே ஒரு நூலில் சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஜூலையில்தான் பொட்டோமாக் நதிக்கரையில் தலைநகர் அமையட்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அழகைப் பற்றிய தீர்ப்பு எதை ஆராய்கிறது, எதை ஆராய்வதில்லை என்று பிரித்துக் காட்ட கான்ட் ஓர் அரண்மனையை எடுத்துக்கொள்கிறார். இது அழகாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால், மக்களின் வியர்வையை வீண்பெருமைக்குச் செலவழித்த பெரியவர்களை ரூசோவைப் போல நான் சாடலாம், அதையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல என்கிறார். எனக்கு அதனால் என்ன லாபம், அது யாருக்குச் சொந்தம், யார் செலவில் வந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, வெறும் பார்வையில் பிறக்கும் மகிழ்ச்சியே அழகின் மகிழ்ச்சி. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அழகுக்கு நியாயச் சான்றிதழ் கேட்கத் தொடங்கினால் உலகில் ரசிக்க எதுவும் மிஞ்சாது என்ற அச்சம் நியாயமானது. மாலை வெயில் மேற்குப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது மனசு நிறைவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஆனால் அதே நூலில் கான்ட் பிற்பாடு இன்னொன்றும் சொல்கிறார். முதலில் சொன்னதைவிட அது இந்த மலைக்கு அதிகம் பொருந்துகிறது. கோடை இரவில் நிலா வெளிச்சத்தில் புதரிலிருந்து வரும் நைட்டிங்கேல் பறவையின் பாட்டைப் போல இனிமையானது வேறில்லை. ஒரு விடுதிக்காரர், விருந்தினரை மகிழ்விக்க, அந்தக் குரலில் ஊதத் தெரிந்த ஒரு பையனைப் புதரில் ஒளித்து வைக்கிறார். அது தெரிந்துவிட்டால், அதே ஓசையைப் பிறகு யாராலும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்கிறார் கான்ட். ஒலி மாறவில்லை; நமக்கு அதன்மேல் இருந்த ஈடுபாடு போய்விட்டது. ஏனென்றால் இயற்கையின் அழகில் நாம் தேடுவது வடிவத்தை மட்டும் அல்ல, அது இயற்கையே என்ற உண்மையையும்தான். மேப்ரி மில்லின் பக்கத்தில் இருக்கும் குடிசை புதரில் ஒளித்த பையன். ஷெனன்டோவாவின் ஆளரவமற்ற அமைதியைத் தொன்றுதொட்டு மனிதர் கால்படாத காட்டின் அமைதி என்று எண்ணி ரசிக்கிறவரும் அந்த விருந்தினரைப் போன்றவர்தான். ஆகவே, எப்படி உண்டாயிற்று என்ற கேள்வி அழகுக்கு வெளியிலிருந்து வரும் நீதிபதியின் கேள்வி இல்லை. இயற்கை அழகை நாடிப் போகிறவர் தாமாகவே எழுப்ப வேண்டிய கேள்வி அது.

அப்படியானால் உண்மை தெரிந்தபின் இந்த மலையையும் பார்க்க முடியாமல் போய்விடுமா? இங்கே கான்ட் சொன்ன உவமையிலிருந்து நான் விலகுகிறேன். பறவையே இல்லாத புதர் அது. இங்கே காடு பொய்யில்லை. எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் மேய்ச்சல் நிலமும் சோளக்கொல்லையும் உண்மையான வனமாகிவிட்டன. கரடி திரும்பி வந்திருக்கிறது, மான் பெருகியிருக்கிறது. பூங்காவின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு 1976இல் வனாந்தரமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பூங்கா வராமலிருந்தால் அந்த முகடு முழுவதும் விடுதிகளும் பணக்காரர் பங்களாக்களும் ஏறியிருக்கும், மலைக்குடும்பங்கள் அப்போதும் விற்றுவிட்டுத்தான் இறங்கியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நடந்திருக்கலாம். காட்டின் நன்மையை நான் மறுக்கவில்லை. பொய்யாக இருப்பது மரம் இல்லை, அங்கே எப்போதும் யாரும் இருந்ததில்லை என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தைக் களைந்தால் காடு மறைவதில்லை; இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நடைபாதையிலிருந்து சற்று விலகினால் நடுக்காட்டில் வரிசை தப்பாமல் ஆப்பிள் மரங்கள் நிற்கும். வசந்தத்தில் யாருமில்லாத இடத்தில் மஞ்சள் டாஃபடில் பூக்கள் நேர்கோட்டில் பூத்திருக்கும். அது ஒரு வீட்டு வாசல். கற்குவியல் என்று தோன்றுவது புகைபோக்கியின் அடி. தரையோடு படர்ந்த பசுங்கொடிக்குள் பெயர் பொறிக்காத மலைக்கற்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நிற்கும், அது கல்லறை. பூங்காவுக்குள் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பக் கல்லறைகள் உள்ளன. தெரியாதவருக்கு இவை வெறும் செடியும் கல்லும். தெரிந்தவர் அதிகமாகப் பார்க்கிறார். அறிவு அழகைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

வெளியேற்றத்தை நியாயப்படுத்த அன்று சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். மலைக்காரர்கள் உலகம் தெரியாத, நாகரிகம் எட்டாத ஜனங்கள். இறக்கி விடுவதே அவர்களுக்கு நல்லது என்றார்கள். 1933இல் வந்த ‘ஹாலோ ஃபோக்’ என்ற நூல் அந்தச் சித்திரத்தை நாடெங்கும் பரப்பியது. 1990களில் நிக்கல்சன், கார்பின், வீக்லி என்ற மூன்று மலைமடிப்புகளில் தொல்லியலாளர்கள் அந்த வீடுகளின் இடங்களை ஆராய்ந்தார்கள். மண்ணிலிருந்து கிடைத்தவை பூ வரைந்த பீங்கான் துண்டுகள், மருந்துக் கடைப் புட்டிகள், தபாலில் வரவழைத்த பொம்மைகள், உடைந்த கிராமபோன் இசைத்தட்டுகள். அந்தக் குழந்தைகள் சமவெளிக் குழந்தைகள் விளையாடிய அதே பொம்மைகளோடு விளையாடினார்கள்; அந்த வீடுகளில் அதே பாட்டு ஒலித்தது. ஏழைகள்தான், சந்தேகமில்லை. அவர்களுக்குப் பெரும் வருவாயாக இருந்த செஸ்ட்நட் மரங்களை நோய் வந்து அழித்திருந்த காலம் அது. ஆனால் ஏழ்மையை அநாகரிகம் என்று எழுதியதும், அநாகரிகத்தை வெளியேற்றக் காரணமாக்கியதும் எழுதியவர்களின் பிழை.

மலைவழியே தலைநகர் போகும் பயணத்துக்கு வழிகாட்டி எழுதுவது தமிழருக்குப் புதிதில்லை என்பதால் ஓர் ஒப்பீடு இங்கே தானாக வருகிறது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு கூத்தர் கூட்டத்துக்கு நன்னன் என்ற அரசனின் செங்கண்மா நகருக்கு மலைவழி சொல்கிறது. வழுக்கும் பாறை எங்கே, காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனம் காப்பவன் யானையை விரட்ட வீசும் கவண்கல் எங்கிருந்து வரும் என்று எச்சரிக்கிறது. இன்றைய வண்டிக்காரர் சுரங்கத்தின் உயரத்தைக் குறித்துக்கொள்வது போன்ற அக்கறைதான். அருவியும் யானையும் மூங்கிலும் அதில் நிறைய உண்டு. ஆனால் அந்த வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் தினைச்சோறு தருவார்கள், அந்தக் குடியில் மூங்கில் குழாயில் விளைந்த கள் தருவார்கள், தயங்காமல் உங்கள் வீடு போலவே உள்ளே போங்கள் என்கிறது. குறிஞ்சி என்ற நிலமே குறவரின்றி நம் இலக்கணத்தில் இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றால் அங்கே வாழும் மக்கள் கருப்பொருளில் சேர்ந்தவர்கள். அந்தப் பார்வையில் வளர்ந்த கண்ணுக்கு, மக்களை நீக்கினால்தான் மலை முழு அழகு பெறும் என்ற கருத்து விளங்குவதே கடினம். சங்க காலத்து மலையில் பசியும் போரும் கொள்ளையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசனைப் புகழ்ந்து பரிசில் பெறப் பாடிய பாட்டு அது என்பதும் தெரியும். வழி என்பது நிலக்காட்சிகளின் வரிசையா, இல்லை நம்மை ஏற்றுக்கொள்ளும் வீடுகளின் வரிசையா என்ற கேள்விக்கு அது வேறு பதில் வைத்திருக்கிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே கடினமானது. எந்தச் சாலைதான் யாருடைய நிலத்தையும் எடுக்காமல் வந்தது? எல்லாவற்றுக்கும் துக்கம் காத்தால் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாது. ஆண்டு முழுக்க உழைத்துப் பத்து நாள் விடுப்பில் குழந்தைகளோடு போகிறவர் மேல் வரலாற்றின் பாரத்தை ஏற்றுவது நியாயமா? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. எல்லாம் தவிர்க்க முடியாமல் நடந்ததில்லை என்பது ஒன்று. பயணம் தொடங்கும் செரோக்கியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1838இல் இனமே பெயர்த்தெடுக்கப்பட்டு மேற்கே துரத்தப்பட்டபோது எப்படியோ தங்கிவிட்டவர்களின் வழிவந்த செரோக்கி மக்கள், தங்கள் நிலத்தில் மிச்சமிருந்த நல்ல சமவெளியான சோகோ பள்ளத்தாக்கின் வழியே பார்க்வே வருவதை எதிர்த்து நின்றார்கள். இழுபறிக்குப் பின் சாலை முகட்டுக்கு மாறியது. கேட்கவும் பேசவும் இடமிருந்தால் வேறுவிதமாகவும் நடக்கும். இரண்டாவது பதில், நினைவு கூர்வதும் துக்கம் காப்பதும் ஒன்றல்ல என்பது.

யூதர்களின் கூடாரப் பண்டிகை இதை எனக்கு நன்றாக விளக்குகிறது. குடிலில் ஏழு நாள் தங்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 23ஆம் அதிகாரம்; அதன் கூரையை வானம் தெரியும்படி தழையால் வேய்வது மரபு. எகிப்திலிருந்து மீண்டு வந்தபோது முன்னோர் கூடாரத்தில் வாழ்ந்ததை வருங்காலச் சந்ததி அறிய வேண்டும் என்பது அந்த அதிகாரம் சொல்லும் காரணம். உறுதியான வீடு உள்ளவர் வேண்டுமென்றே உறுதியற்ற வீட்டில் தங்கி, வீடில்லாத நிலையை உடம்பால் நினைவு கொள்கிறார். அப்படியும் அது அழுகைப் பண்டிகை இல்லை. அவர்களுடைய மரபில் மகிழ்ச்சியின் காலம் என்றே அதற்குப் பெயர். உபாகமம், அந்த மகிழ்ச்சியில் அந்நியனையும் திக்கற்றவனையும் விதவையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நினைவு அங்கே சந்தோஷத்தைக் குறைக்கவில்லை. யாரையெல்லாம் சேர்த்துக்கொள்வது என்பதை விரிக்கிறது. கேம்பர் வண்டியும் அப்படி ஒரு தற்காலிக வீடுதான். இரண்டு பர்னர் அடுப்பு, மடக்கினால் மேசையாகும் படுக்கை, கீழே கழிவுநீர்த் தொட்டி. வீட்டைக் கூடவே ஓட்டிக்கொண்டு, வீடுகள் எரிக்கப்பட்ட முகட்டில் போகிறோம். இந்த இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதை உணர்கிறவருக்கு அந்த வண்டியே ஒரு தியானக்குடில் ஆகலாம். லூயிஸ் மவுன்டன் முகாமில் இரவு தங்குகிறவர், 1939இல் அது கறுப்பின மக்களுக்கென்று தனியே ஒதுக்கிய இடமாகத் திறக்கப்பட்டது, 1950இல்தான் பூங்காவில் அந்தப் பிரிவினை முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைக்கட்டும். சாப்பாடு கசக்காது. பக்கத்து இடத்தில் யார் வண்டியை நிறுத்தினாலும் எழுந்து போய் வணக்கம் சொல்லத் தோன்றும்.

பார்ப்பது வேறு, உண்பது வேறு. அழகின் முன்னே நாம் பசியோடு நின்றாலும் அதை விழுங்காமல் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் எழுதியிருக்கிறார். மலைக்காட்சியை நாட்டின் உடைமையாக்க மனிதர்களை அப்புறப்படுத்தியது உண்ணும் பார்வை. நம்முடைய பயணத் திட்டமும் அந்தப் பார்வையிலேயே போடப்படலாம்: இத்தனை நாள், இத்தனை மேடை, இத்தனை படம். அல்லது கவனிக்கும் பார்வையில் போடப்படலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மனநிலையில் மட்டும் இல்லை, காகிதத்திலேயே தெரியும். ஒரு நாளைக் கூட்டி, முகட்டைவிட்டு அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். பூங்காவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் வெளியேற்றப்பட்டவர்களின் சந்ததியினர் கல்லால் புகைபோக்கிகள் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வீடில்லை, கூரையில்லை, அடுப்பங்கரைப் புகைபோக்கி மட்டும். அதில் குடும்பப் பெயர்கள் வரிசையாக உள்ளன. அங்கே நின்று பெயர்களைப் படித்துவிட்டு மறுபடி மலையேறினால் அதே காட்சி மேடையில் வேறு மலை தெரியும்.

ஃப்ரன்ட் ராயலில் மலை முடிகிறது. அங்கிருந்து தலைநகருக்கு எழுபது மைல் அளவில்தான். கேம்பரை நகருக்குள் கொண்டுபோய் நிறுத்துவது கடினம் என்பதால் மேரிலாந்தின் க்ரீன்பெல்ட் பூங்காவில் நிறுத்திவிட்டு ரயிலில் போகலாம். கான்ட் சொன்ன அரண்மனை அங்கே நிற்கிறது. காங்கிரஸ் மாளிகையின் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்து வியக்காதவர் இல்லை, வியக்கத் தகுந்ததுதான். பார்வையாளர் கூடத்துக்குள் 2012இல் ஒரு கல்லை வைத்தார்கள். மாளிகையின் பழைய கிழக்கு முகப்பிலிருந்து எடுத்த மணற்கல். வர்ஜீனியாவின் அக்வியா கல்குவாரியில் அடிமைகள் வெட்டிய கல் வகை. அவர்கள் உழைப்புக்கான கூலி அவர்களுடைய எஜமானர் கைக்குப் போனது. கல்லை மெருகேற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சாய்வாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில், உளி பட்ட தடங்கள் தெரிகின்றன. குவிமாடத்துக்குப் போகும் கூட்டத்தில் சிலர் அந்தக் கல்லின்முன் நிற்கிறார்கள்.